வெங்காயத்தோல் மஞ்சள்

விடுமுறைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த வீட்டில் இரண்டு பைகள் தனியாகத் தயாராகும். ஒன்று அவளுடையது. காயத்துக்குக் கட்டுத்துணி, காய்ச்சலுக்கு மருந்து, வெயிலுக்குக் களிம்பு, பூச்சிக்கடிக்கு இன்னொரு களிம்பு, மின்சாரம் போனால் ஒரு டார்ச், அந்த டார்ச்சும் போனால் இன்னொன்று. மற்றது அவள் கணவனுடையது. வீட்டுத் தண்ணீர் பாட்டில்கள், மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாக்கள், துணிப்பைக்குள் மடித்து வைத்த துணிப்பைகள், கை துடைக்கப் பழைய சட்டையிலிருந்து வெட்டிய துண்டுகள். என்ன ஆபத்து வருமோ என்று நினைத்து அவள் கட்டுவாள். எவ்வளவு குப்பை சேருமோ என்று நினைத்து அவன் கட்டுவான்.

"நீங்க ரெண்டு பேரும் லீவுக்குப் போறீங்களா, படையெடுத்துப் போறீங்களா?" என்பாள் நாத்தனார். கணவனின் அக்கா. பள்ளி வேன் ஓட்டுகிறவள். இந்த முறை அவளும் கூட வருகிறாள்.

ஏரிக்கரையில் ஒரு வாடகை வீடு. எட்டு வயது மகள் ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள். பள்ளியில் நீச்சல் பழக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வீட்டில் தவளை என்று பெயர். கட்டிலிலிருந்து குதிப்பதும் தவளை, மாடிப்படியில் தத்துவதும் தவளை, குளித்துவிட்டு வெளியே வர மறுப்பதும் தவளை.

பிரச்சினை தவளையின் நீச்சலுடையில்தான் தொடங்கியது.

அது நாத்தனாரின் மகள் சின்ன வயதில் போட்டது. அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். உடை மட்டும் அலமாரியில் கிடந்து, தவளையின் அளவுக்காகக் காத்திருந்ததுபோல வந்து சேர்ந்தது. எலாஸ்டிக் இறுக்கம் குறையவில்லை, ஒரு தையல் விடவில்லை. நிறம் மட்டும் வெளிர் நீலம்.

அவள் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அந்த உடையைப் போட்டு அமுக்கினாள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் இருந்தது. உடையைக் காணவில்லை.

கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பது அவள் வேலை. கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். வெள்ளைமேல் கறுப்பு எழுத்து தெரிவதும், சாம்பல்மேல் சாம்பல் எழுத்து மறைவதும் அவளுக்குப் பாடம் இல்லை, பிழைப்பு. தண்ணீர் நிறத்தில் ஒரு பிள்ளை தண்ணீருக்குள் இறங்குவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"இங்க வாங்க. இதுல டிரஸ் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

கணவன் வந்து எட்டிப் பார்த்தான். பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். வண்டிகளுக்கும் சோபாக்களுக்கும் இருக்கை தைப்பவன். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இவ்வளவு தண்ணியா பிடிச்ச, இதப் பாக்கவா?"

"தண்ணிய விடுங்க. டிரஸ் தெரியுதா?"

அவன் உண்மையாகவே தேடினான். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி. பிறகு, "தெரியல," என்றான்.

"புதுசு வாங்கணும். ஆரஞ்சு, இல்லன்னா பளிச்சுனு மஞ்சள்."

"இது நல்லாத்தானே இருக்கு. ஒரு தையல்கூட விடல. நிறம் சரியில்லன்னா நிறத்த மாத்திடலாமே."

இந்த இடத்தில் அவளுக்கு வழக்கமாகக் கோபம் வரும். அவன் எதையும் தூக்கி எறியமாட்டான். கிழிந்த குடையின் கம்பி தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாகும். தேய்ந்த சட்டை முதலில் கைத்துணியாகும், பிறகு மிதியடியாகும், கடைசியில் அவன் தைக்கிற ஏதோ ஒரு இருக்கைக்குள் பஞ்சோடு பஞ்சாகப் போய்ச் சேரும். அவனுக்கு அவன் அக்கா வைத்த பெயர் ஒட்டுக்கடை. அன்று அவளுக்குக் கோபம் வராததற்குக் காரணம், அவன் குனிந்து அந்த ஈர உடையை எடுத்துப் பிழிந்த விதம். தொட்டிக்குள்ளேயே, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், ஒரு நாய்க்குட்டியைத் தூக்குகிற பதனத்தோடு பிழிந்தான். ஒரு பொருளை இத்தனை மரியாதையாகத் தொடுகிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

"எதுல மாத்துவீங்க? கடைச் சாயம் பிள்ளைக்கு அரிக்கும்."

"வெங்காயத் தோல்," என்றான், ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததுபோல.

பட்டறைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் சொல்லி வைத்து ஒரு மூட்டை வெங்காயத்தோல் கொண்டுவந்தான். பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். சமையலறை ஜன்னலெல்லாம் வியர்த்தது. தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகி, தேன் நிறத்துக்கு வந்தபோது அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. கரண்டியை அவனிடமிருந்து பிடுங்கி அவளே கிளறினாள்.

நாத்தனார் வந்து வாசலிலேயே மூக்கைப் பிடித்தாள். "என்னம்மா இது? பிள்ளைய ஏரியில விடப் போறீங்களா, இல்ல வாணலியில வதக்கப் போறீங்களா?"

"அத்தை, என் ஸ்விம்சூட் வேகுது!" என்றாள் தவளை பெருமையாக.

வெளியே எடுத்தபோது உடை நன்றாக மஞ்சளாக இருந்தது. கோழிக்குஞ்சு மஞ்சள். அலச வேண்டும். தொட்டிக் குழாயைத் திறக்கப் போனவளைக் கணவன் பார்த்தான். அந்தப் பார்வை போதும். முதல் நாள் சோதனைக்காகப் பிடித்த தொட்டித் தண்ணீரை அவன் வாளி வாளியாக மொண்டு வீடு துடைத்து, செடிக்கு ஊற்றி, மிச்சத்தில் மிதியடி துவைத்துத் தீர்த்திருந்தான். இன்னொரு தொட்டி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு குவளைத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். குவளைத் தண்ணீர் மஞ்சளானது. "மேல ஒட்டியிருந்தது போகுது," என்றான் அவன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். குவளைத் தண்ணீர் செடிக்குப் போனது, உடை கொடிக்குப் போனது.

இருவருக்கும் திருப்தி. பொருள் வீணாகவில்லை, பிள்ளை பளிச்சென்று தெரிவாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் சேர்ந்து ஜெயித்தது இதுதான் முதல் தடவையோ என்று அவளுக்குத் தோன்றியது.

ரயிலில் போய், பிறகு பேருந்தில் போய் இறங்கினார்கள். வேனில் போயிருந்தால் நேராக வாசலில் இறங்கியிருக்கலாம் என்று வழியெல்லாம் நாத்தனார் நினைவூட்டினாள். "வருஷம் பூரா நான்தான் எல்லாரையும் ஏத்தி இறக்குறேன். ஒரு தடவை என்னை யாராவது ஏத்தி இறக்குங்கன்னா, மூட்டையைத் தூக்க விடுறீங்க!"

வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் கிளம்பினார்கள். அவள் அடுப்பின் திருகுகளைத் திருகிப் பார்த்தாள், பால்கனிக் கம்பிகளைக் குலுக்கிப் பார்த்தாள், பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பார்த்தாள், புகை வந்தால் கத்தும் கருவியின் பொத்தானை அமுக்கி அது கத்துகிறதா என்று பார்த்தாள். கத்தியது. அவன் வெந்நீர்க் கருவியை அணைத்தான், யாரும் இல்லாத அறைகளில் விளக்கை அணைத்தான், சொட்டிக்கொண்டிருந்த குழாயின் அடியில் பாத்திரம் வைத்தான், மக்கும் குப்பைக்கு எந்தத் தொட்டி என்று தேடினான். நடைவழியில் இருவரும் எதிரெதிரே வந்து மோதிக்கொண்டார்கள்.

"முடிஞ்சுதா உங்க ரெண்டு பேரோட ரோந்து?" சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள் நாத்தனார். "இந்த வீட்டுக்காரனுக்கே அவன் வீட்டப் பத்தி இவ்வளவு தெரியாது."

நாத்தனாருக்கு இது வேடிக்கை. அவளுக்கு அப்படி இல்லை. தன் ரோந்துக்கும் அவன் ரோந்துக்கும் ஒரு வித்தியாசம் இருப்பதை அவள் கவனித்திருந்தாள். அவன் சுற்றிவிட்டு வரும்போது முகம் தெளிந்திருக்கும், சாப்பிட்டு எழுந்தவன் முகம்போல. அவளுக்கோ ஒன்றைச் சரிபார்த்ததும் அடுத்தது நினைவுக்கு வரும். பின்கதவு திறக்கிறது, சரி. அப்படியானால் தவளையாலும் திறக்க முடியுமே? பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் மனது ஒரு நாள்கூட முழுதாக உட்காரவில்லை. அன்பு என்றால் அவளுக்குத் தெரிந்தது இந்தப் பதற்றம்தான். வேறு மாதிரி அன்பு செய்யத் தெரியாதோ என்று சில சமயம் அவளுக்கே சந்தேகமாக இருக்கும்.

அதனால்தான் விசில்.

பழைய படகு இருக்கை ஒன்று பட்டறைக்குத் தைக்க வந்தபோது அதன் உறைக்குள் கிடந்த சிவப்பு விசில் அது. சொந்தக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். கணவன் அதைக் கழுவி, இருக்கை ஓரத்துக்குத் தைக்கும் நாடாவில் மிச்சம் இருந்ததைக் கோத்துக் கொடுத்தான். சட்டம் அவளுடையது. தவளை தண்ணீரில் இருக்கும்போது யார் கழுத்தில் விசில் இருக்கிறதோ அவர் பேசக்கூடாது, படிக்கக்கூடாது, போனைத் தொடக்கூடாது, பிள்ளையைத் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது. "எல்லாரும் பாத்துட்டு இருக்கோம்னா யாரும் பாக்கலன்னு அர்த்தம்," என்பாள். சட்டம் போட்டாளே தவிர, விசிலை இதுவரை வேறு யார் கழுத்திலும் அவள் போட்டதில்லை.

மறுநாள் காலை ஏரி கண்ணாடியாக இருந்தது. ஆழமில்லாத பகுதியைச் சுற்றி மிதவைகள் கோத்த கயிறு. பலகையில் ஆழம் எழுதியிருந்தது. அதை அவள் இரண்டு முறை படித்தாள். வேறு குடும்பங்களும் வந்திருந்தன. தவளை கோழிக்குஞ்சு மஞ்சளில் இறங்கினாள். எங்கே போனாலும் தெரிந்தாள். அம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் கர்வமாகக்கூட.

நெடுநேரம் அவள் கரையில் விசிலோடு நின்றாள். கழுத்து வலித்தது. தண்ணீரின் மினுக்கத்தில் கண் கூசியது.

"அம்மாடி, சித்த உக்காரு," என்றாள் நாத்தனார். "கண்ணு சிவந்து போச்சு. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற, உன் கண்ண யாரு பாக்குறது? விசில அவன்கிட்ட குடு."

"பரவால்ல அண்ணி."

"என்ன பரவால்ல? அவன் பிள்ளைக்கு அப்பன்தானே? வாடகைக்கு வந்தவனா?"

கணவன் பக்கத்தில் நின்றிருந்தான். கேட்கவில்லை, கையையும் நீட்டவில்லை. ஆனால் காத்திருந்தான். எத்தனை வருஷமாக இப்படிக் காத்திருக்கிறானோ என்று அவளுக்கு உறுத்தியது. ஒரு மனிதனிடம் அவன் சொந்தப் பிள்ளையை ஒப்படைக்க அவளுக்கு ஏன் கை வரவில்லை? அவன் மறதிக்காரன் இல்லை. அலட்சியக்காரன் இல்லை. அவன் பயப்படுவதில்லை, அவ்வளவுதான். பயப்படாதவன் எப்படிக் கவனமாக இருக்க முடியும் என்பது அவளுக்குப் புரியவில்லை.

விசிலைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள். அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். விசிலைப் பல்லில் கவ்வினான். அந்த நொடியிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

அவள் நாத்தனாருக்குப் பக்கத்தில் விரிப்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர ஒப்படைக்கவில்லை. நாத்தனார் வேனில் பிள்ளைகள் அடிக்கும் கூத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, இவள் "ஆமா", "அடப்பாவமே" என்று தாளம் போட்டபடி ஏரியில் மஞ்சளைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கயிற்றின் அருகே போனது. மஞ்சள் திரும்பி வந்தது. சரி.

"டேய் ஒட்டுக்கடை!" என்று நாத்தனார் தம்பியைக் கூப்பிட்டாள். "ஐஸ்கிரீம் வேணுமா? கப் வேணாம், உள்ளங்கையில வாங்கித் தரேன்!"

அவன் திரும்பவில்லை.

"பாத்தியா, அக்காவுக்குப் பதில் சொல்லக்கூட காத்து செலவாகும்னு பாக்குறான்."

அவன் தண்ணீருக்குள் இறங்கினான். கால்சட்டையை மடிக்கக்கூட இல்லை. முழங்கால்வரை போனான், நின்றான், பிறகு இன்னும் உள்ளே, இடுப்புவரை போனான். அவளுக்கு எரிச்சலாக வந்தது. விசிலைக் கொடுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் குளிர்ச்சிக்கு இறங்கிவிட்டானே!

"துணி துவைக்கக் கிளம்பிட்டான்," என்றாள் நாத்தனார். "போட்டுக்கிட்டே துவைச்சா தனியாத் தண்ணி பிடிக்க வேண்டாம் பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மஞ்சளைத் தேடினாள். இருந்தது. கரைப்பக்கமாக, முழங்கால் ஆழத்தில். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகாக விளையாடுகிறாள் என்று நினைத்தாள். தோள் கொஞ்சம் உறுதியாகிவிட்டது, நீச்சல் பழகியதால்தான். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்துப் பூரித்துப்போகும் அந்த முட்டாள்தனமான சந்தோஷத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் கேட்டது. நீளமாக இல்லை. மூச்சுத் தெறித்ததுபோல ஒரு சின்னக் கீச்சு.

அவள் பார்வை உடனே மஞ்சளுக்குத்தான் போனது. மஞ்சள் பத்திரமாக, முழங்கால் ஆழத்தில், தண்ணீர் வீசிக்கொண்டிருந்தது. நன்றாகத்தானே இருக்கிறாள், எதற்கு ஊதினான்? அப்போது மஞ்சள் உடுப்புப் போட்ட அந்தச் சிறுமி விசில் வந்த திசையைப் பார்க்கத் திரும்பினாள்.

வேறு யாரோ ஒரு பிள்ளையின் முகம்.

அவள் எழுந்தாள் என்று சொல்ல முடியாது. கால்கள் எழுந்தன. ஏரி முழுக்க அவள் கண் மஞ்சளைத் தேடியது, ஏரி முழுக்க மஞ்சளே இல்லை. தலைகள், மிதவைகள், மினுக்கம். "தவளை!" என்று அவள் கத்தியது அவளுக்கே யாரோ கத்தியதுபோலக் கேட்டது.

கயிற்றுக்கு அப்பால், கணவனின் கை தண்ணீருக்குள்ளிருந்து எதையோ தூக்கியது. வெளிர் நீலமாக ஒன்று. தண்ணீரிலிருந்து தண்ணீரே ஒரு பிள்ளையாகப் பிரிந்து வந்ததுபோல இருந்தது. அது இருமியது. அவன் அதைத் தோள்மேல் சாய்த்துக்கொண்டான். பற்களுக்கிடையில் விசில் இன்னும் இருந்தது.

அவள் ஓடிப் போய்த் தண்ணீரிலேயே இருவரையும் பிடித்துக்கொண்டாள். தவளை ஒரே ஒரு வாய் தண்ணீர்தான் குடித்திருந்தாள். மிதவையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போனவள், கயிற்றுக்கு அடியில் நுழைந்து பார்க்கலாம் என்று நுழைந்திருக்கிறாள். அந்தப் பக்கம் தரை சட்டென்று கீழே போய்விட்டது.

"நான் கூப்பிட்டேம்மா," என்றாள் தவளை. "சத்தமே வரல."

மூழ்குகிற பிள்ளைக்குச் சத்தம் வராது என்பது அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள். ஊருக்கே சொல்லியிருக்கிறாள். கையைத் தண்ணீர்மேல் அமுக்கி, இல்லாத ஏணியில் ஏறுவதுபோல ஒரு பிள்ளை நிற்கும், பார்ப்பவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும். எல்லாம் தெரிந்தவள் கரையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பிள்ளையை ரசித்துக்கொண்டிருந்தாள்.

கரையில் தவளையைத் துண்டால் சுற்றிய பிறகுதான் உடையைச் சரியாகப் பார்த்தாள். தையல் மடிப்புகளில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு. மற்றதெல்லாம் பழைய வெளிர் நீலம். அந்தத் துணி சாயத்தை உள்ளே வாங்கிக்கொள்ளவே இல்லை. மேலே பூசிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை தொட்டி நிறையத் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும். ஒரு குவளையில் அலசி, அந்தக் குவளையையும் செடிக்கு ஊற்றிய சமர்த்தர்கள் அவர்கள்.

கணவன் விசிலைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அதற்குப் பிறகுதான் பேசினான்.

"நான் விசில் போட்ட கொஞ்ச நேரத்துலயே, ஊறி ஊறிச் சாயம் போக ஆரம்பிச்சிடுச்சு. அவளச் சுத்தி மஞ்சளா, புகை மாதிரி. நான் பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்புறம் ஏங்க சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அவன் குழப்பத்தோடு அவளைப் பார்த்தான். "விசில் போட்டா பேசக்கூடாதுன்னு நீதானே சொன்ன."

நாத்தனார் தவளையின் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"சொல்லணும்னா திரும்பணும்," என்றான் அவன். "திரும்பினா அவ போயிடுவா. கரையிலிருந்து தெரியாதுன்னு தோணுச்சு. அதான் கிட்டப் போயிட்டேன். கை எட்டுற தூரத்துக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். கால்சட்டையிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் காலடியில் மண் கறுத்துக்கொண்டிருந்தது. குளிர்ச்சிக்கு இறங்கினான் என்று நினைத்தாளே! அவன் அக்கா அத்தனை கேலி பண்ணியும் ஒரு தடவைகூடத் திரும்பாத அந்தக் கழுத்தைப் பார்த்துச் சிரித்தாளே!

"நான் மஞ்சளப் பாத்துட்டு இருந்தேங்க," என்றாள். "வேற யாரோ பிள்ளையப் பாத்துட்டு இருந்தேன். எவ்வளவு நேரமா அவளப் பாத்து சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

"நான் அவளைத்தான் பாத்துட்டு இருந்தேன்," என்றான் அவன், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல. பெருமை இல்லை, குத்தல் இல்லை. இருக்கையில் எந்தத் தையல் விட்டிருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

அன்று பகல் முழுக்க அவள் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டிருந்தாள். தவளை சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். மூச்சு சீராக இருக்கிறதா, இருமல் வருகிறதா என்று இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். கணவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த உடையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இத்தனை வருஷமாகப் பழைய பொருள்களை இப்படித்தான் பார்க்கிறான். ஒரு சட்டை எங்கே தேய்கிறது, ஒரு குழாய் எப்போது சொட்டுகிறது, ஒரு செடி எந்தப் பக்கம் சாய்கிறது. புதிதாக ஒன்றைத் தேடாத கண் கையில் இருப்பதை விட்டு நகர்வதில்லை. அவள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்திருக்கிறாள், பிடிவாதம் என்று நினைத்திருக்கிறாள், விளையாட்டு என்றுகூட நினைத்திருக்கிறாள். அது பார்வை. கடையில் அவள் தினமும் சோதிப்பது எழுத்துத் தெரிகிறதா என்பதை மட்டும்தான். இந்த மாதிரிப் பார்வையைச் சோதிக்க அவளிடம் வில்லை கிடையாது.

அவள் கண் எப்போதும் வரப்போவதைத் தேடிக்கொண்டிருந்தது. பயத்துக்கு ஒரு நிறம் வேண்டும், பற்றிக்கொள்ள. அவனுக்குப் பிள்ளை மட்டும் போதுமாக இருந்தது.

"புதுசு வாங்கிடலாம்," என்றான் அவன் திடீரென்று. "இன்னிக்கே. ஆரஞ்சு. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாக்குவாதத்துக்கு அவள் தயாராக வைத்திருந்த சொற்களெல்லாம் வேலை இல்லாமல் நின்றன. தன் கொள்கையை இவ்வளவு சுலபமாக, ஈரத் துண்டைக் கொடியில் போடுவதுபோலக் கழற்றிப் போட முடிகிறதே இவனால்!

"நாமதான் பண்ணோம்," என்றாள். "நானும்தானே கிளறினேன்."

அவளும் அவனும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். நாத்தனார் தவளையோடு வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. ஆனால் நாத்தனார் இருக்கமாட்டேன் என்று தவளையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். மூன்று கடை ஏறி இறங்கினார்கள். எல்லாக் கடையிலும் பிள்ளைகளின் நீச்சலுடைகள் அழகழகாகத் தொங்கின. வெளிர் நீலம், கடல் பச்சை, வெள்ளையில் நீலப் புள்ளி, நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

"ஆரஞ்சு இருக்கா?" என்று கேட்டாள்.

"ஏரிக்கு மேட்சா இருக்கிறதைத்தான் எல்லாரும் கேக்கிறாங்க," என்றார் கடைக்காரர்.

"மேட்ச் ஆகித்தான் காணாமப் போயிடுது!" என்றாள் நாத்தனார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

வெளியே வந்தபோது வெயில் சுட்டது. நாத்தனார் தன் குடையை விரித்தாள். ஆரஞ்சுக் குடை; பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவதற்காக வேனில் வைத்திருப்பது, பயணத்துக்குக் கையோடு எடுத்து வந்திருந்தாள். ஒரு கம்பி முறிந்து ஒரு பக்கம் தொங்கியது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, துளி வெளுக்காத ஆரஞ்சு.

கணவன் அந்தக் குடையைப் பார்த்தான். அவள் கணவனைப் பார்த்தாள். இரண்டு பேரையும் நாத்தனார் பார்த்தாள்.

"டேய், வேணாம்டா. இது நல்ல குடைடா. ஒரு கம்பிதான் போயிருக்கு."

"அக்கா, கம்பிய வேற குடையில போட்டுக்கலாம்."

"வேற குடை எங்கடா இருக்கு என்கிட்ட?"

"அண்ணி," என்றாள் அவள், "புதுக் குடை நான் வாங்கித் தரேன். ஆனா இந்தத் தடவை தொட்டி நிறையத் தண்ணி பிடிப்பேன். யாரும் என்னைப் பாக்கக்கூடாது."

கணவன் சிரித்தான். "நானே பிடிச்சுத் தரேன்."

அவளுடைய ஆபத்துப் பையில் ஊசி இருந்தது. அவனுடைய துணிப்பைக்குள் நூல் இருந்தது. சாயங்காலம் அவன் குடையைப் பிரித்து, துண்டு துண்டாக வெட்டி, உடையின் தோளிலும் முதுகிலும் முன்பக்கத்திலும் வைத்துத் தைத்தான். இருக்கைக்குப் போடும் இரட்டைத் தையல். எலாஸ்டிக் இழுபடும் இடங்களில் துணியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டான். மிச்சத்தில் ஒரு தொப்பி. தைத்து முடித்ததும் எழுந்து போய் அவனே அந்த வீட்டுக் குளியல் தொட்டியின் குழாயைத் திறந்தான். முழுசாக நிரம்பும்வரை மூடவில்லை. உடையை ஊறவைத்து, கசக்கி, முக்கி, இழுத்து, மறுபடி ஊறவைத்தார்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வாசலில் நின்று பார்த்தாலும், நடைவழிக் கடைசியில் நின்று பார்த்தாலும் அது ஆரஞ்சாகவே இருந்தது.

"இது தெளிவா?" என்று கேட்டான் அவன், அவள் கடைக் குரலில்.

"தெளிவு," என்றாள் அவள்.

மறுநாள் தவளை தண்ணீருக்குப் போகமாட்டேன் என்று சொல்வாளோ என்று அவள் பயந்தாள். போவேன் என்று சொல்வாளோ என்றும் பயந்தாள். தவளை கரையில் நின்று, கால் விரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா கிட்டக்க நிப்பாரா?"

"நிப்பாரு."

"கயித்துக்கு இந்தப் பக்கமே இருக்கேன்."

அவள் விசிலை எடுத்தாள். நாடா இரவெல்லாம் காய்ந்து விறைத்திருந்தது. கணவன் தலை குனிந்தான். இந்த முறை கழுத்தில் போட்டுவிட்டு அவள் ஒன்று சேர்த்துச் சொன்னாள்: "சட்டத்த மாத்தியாச்சு. அவளப் பத்தின்னா மட்டும் பேசலாம். திரும்பாமப் பேசுங்க, போதும்."

அவன் தலையாட்டினான். விசிலைக் கவ்வினான். மடிக்காத கால்சட்டையோடு தண்ணீருக்குள் நடந்து, கயிற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவில் போய் நின்றான்.

அவள் விரிப்பில் உட்கார்ந்தாள். ஆரஞ்சு தெரிந்தது. அதன் பக்கத்தில் அவன் முதுகு தெரிந்தது. ஒரு பக்கமும் சாயாத, எதற்கும் திரும்பாத முதுகு. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படுத்தாள்.

"என்ன, பாக்கலையா?" என்றாள் நாத்தனார்.

"அவர் பாக்குறாரு அண்ணி," என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடினாள்.

இமைக்குள் வெயில் செம்மஞ்சளாக இருந்தது. தண்ணீர்ச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் கண் திறக்கப் பார்த்தது. அவள் திறக்கவில்லை. நாத்தனார் குடை இல்லாத வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் தவளை எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மிக அருகில், திரும்பாத ஒரு குரல், "இன்னும் ரெண்டடி இந்தப் பக்கம் வாம்மா," என்றது.